கனத்தொலுவவில் வெட்டிய கிணறு

எங்கட ஹெந்தளைப் பக்கம் சிரமதானம் என்றால் கான் துப்புரவாக்குறதுதான். ஆனால் அந்தச் சொல் நாடெங்கும் பரவியதற்குப் பின்னால ஒரு கிராமம் இருக்கு.

1958 டிசம்பரில் கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, மாணவர்களோடு குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவவுக்குப் போனார். ரொடி என்று ஒதுக்கப்பட்ட மக்களின் ஊர் அது. காணி வைத்திருக்க விடாமல் பெரும்பாலும் பிச்சையையே அவர்களுக்கு விட்டுவைத்தது பழைய சாதிமுறை. மாணவர்கள் அங்கேயே தங்கி, ஊராரோடு சேர்ந்து கிணறு வெட்டினார்கள். இதிலிருந்து வளர்ந்த சர்வோதயம் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போனது.

அங்கே வறுமை காசில்லாமை மட்டுமில்லை. யாரும் பக்கத்தில் வராமையும்தான். அடுத்தமுறை மண்வெட்டி தூக்கும்போது, கான் ஓரத்தில் குடியிருக்கிற குடும்பங்களிடம் முதலில் என்ன செய்யலாம் என்று கேட்போமா?