ஆற்றுக்கும் பாலத்துக்கும் இடையிலான வழக்கு

நீர்வழியும் நிலவழியும் குறுக்கிடும் இடத்தில் எவருடைய உரிமை மேலானது? இவ்வினாவை அமெரிக்க நீதிமன்றங்கள் நீண்டகாலம் ஆராய்ந்தன.

மிசிசிப்பி ஆற்றின் முதலாவது புகையிரதப் பாலம் ரொக் ஐலண்ட், டெவன்போர்ட் ஆகிய நகரங்களை இணைத்து 1856 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரு வாரங்களில், மே 6ஆம் திகதி, 'எஃபி அப்டன்' என்ற நீராவிப் படகு பாலத்தின் தூணில் மோதித் தீப்பற்றியது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. படகின் உரிமையாளர்கள் நட்டஈடு கோரி வழக்குத் தொடர்ந்தனர்.

1857 செப்டெம்பரில் சிக்காகோவில் விசாரணை நடைபெற்றது. பாலக் கம்பனியின் சார்பில் தோன்றிய சட்டத்தரணிகளுள் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். ஆற்றின் வழியே செல்வோருக்குள்ள உரிமை ஆற்றைக் கடந்து செல்வோருக்கும் உண்டு என அவர் வாதிட்டார். ஜூரிகளிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. மற்றொரு வழக்கில் பாலத்தை அகற்றுமாறு கீழ்நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையை, உயர் நீதிமன்றம் தனது 1862ஆம் ஆண்டுத் தவணையில் நீக்கியது.

எனினும், படகுக்காரரின் முறைப்பாட்டை வெறும் பொறாமையென ஒதுக்கிவிட முடியாது. தூண்களுக்கிடையே படகு செலுத்துவது உண்மையிலேயே ஆபத்தானதாக இருந்தது. கப்பற் போக்குவரத்துள்ள ஆறுகளில் பாலம் அமைக்குமுன் அரசின் அங்கீகாரம் பெறவேண்டுமென 1899ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. விபத்தின் பின்னர் நீதிமன்றில் கேட்கப்படும் வினாக்கள், தூண் நாட்டப்படுமுன்னரே கேட்கப்பட வேண்டியவை என்பதே எமது கருத்தாகும்.