கிணற்றுத் தவளை: ஒரு சீன மரபுத்தொடரின் பொருளும் பிறப்பும்

தன் சிறு வட்டத்தையே உலகம் என்று எண்ணி, அதிலேயே திருப்திப்பட்டுக்கொள்பவரை நாம் 'கிணற்றுத் தவளை' என்போம். சீனரும் அப்படித்தான் சொல்கிறார்கள். 'ஜிங் தி சர் வா' என்ற அவர்களின் நான்கெழுத்துத் தொடருக்குக் 'கிணற்றின் அடியிலுள்ள தவளை' என்பது நேர்ப்பொருள்.

இத்தொடரின் மூலக்கதை, கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் சுவாங்சுவின் பெயரால் வழங்கும் நூலின் 17ஆவது அத்தியாயத்தில் உள்ளது. பாழ்கிணற்றுத் தவளையொன்று கிழக்குக் கடலின் ஆமையிடம் பெருமை பேசுகிறது. கிணற்றுக்கட்டில் துள்ளுவதும் உடைந்த கல்லிடுக்கில் ஓய்வதும் தனக்குப் பேரின்பம் என்கிறது. நண்டும் வாற்பேத்தையும் தனக்கு ஈடில்லை என்று சொல்லி, ஆமையை உள்ளே அழைக்கிறது. ஆமை இடது காலை வைக்குமுன்னே வலது முழங்கால் சிக்கிக்கொள்கிறது. பின்வாங்கிய ஆமை கடலைப் பற்றிச் சொல்கிறது: பத்து ஆண்டுகளில் ஒன்பது முறை வெள்ளம் வந்தும் கடல் உயரவில்லை, எட்டு ஆண்டுகளில் ஏழு முறை வறட்சி வந்தும் கரை விலகவில்லை. அதைக் கேட்ட தவளை திகைத்துப்போகிறது.

அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. கிணற்றுத் தவளைக்குக் கடலைப் புரியவைக்க முடியாததற்கு அது வாழும் இடமே காரணம் என்கிறது அக்குறிப்பு. நாம் இத்தொடரை வசையாகப் பயன்படுத்தும்போது இதை மறந்துவிடுகிறோம்.

திருகோணமலையில் இந்த வேறுபாடு முக்கியமானது. கொட்டியார்க்குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இல் போரால் இடம்பெயர்ந்தனர். அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியது. கடலோர ஊரவர்களான அவர்களில் பலர், 2015-16இல் நிலம் கட்டங்கட்டமாக விடுவிக்கப்படும்வரை, கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம் வாழ்க்கை வாழ்ந்தனர். போர்க்காலத்தில் மாவட்ட மீனவர்கள் கடலுக்குப் போகவும் அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் இருந்தன. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளையைப் பார்த்து, "உலகம் தெரியாத கிணற்றுத் தவளை" என்று யாரும் சொன்னால் அது பிழையான பிரயோகம். அந்தப் பிள்ளை கிணற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதில் திருப்தி அடையவுமில்லை.

மாறாக, கோப்பில் உள்ள எண்ணிக்கையை மட்டும் பார்த்து, "எல்லோரும் மீள்குடியேறிவிட்டார்கள்" என்று மனநிறைவு கொள்ளும் ஒருவர் இருந்தால், இத்தொடர் அவருக்குச் சரியாகப் பொருந்தும். வீடு எழும்பியதா, கிணற்று நீர் குடிக்க உகந்ததா, தோணியும் வலையும் மீண்டும் கிடைத்தனவா என்று அவர் கேட்பதில்லை.

கதையின் தவளையாவது ஆமை சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டது.