பின்சக்கர டிஸ்க் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒரு வரலாறு

ஹேண்ட் பிரேக் என்பது நிறுத்திய கார் நகராமல் இருப்பதற்காக ஓட்டுநர் கையால் இழுத்துப் பூட்டும் பிரேக் ஆகும். ஒரு லீவர், ஒரு எஃகுக் கேபிள், பெரும்பாலும் பின்சக்கரங்களில் ஒரு பிடிப்பான் ஆகியவையே இதன் உறுப்புகள். காலால் மிதிக்கும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. ஹேண்ட் பிரேக் அதைச் சாராமல் வெறும் இழுவிசையால் இயங்குகிறது.

1950களிலும் 60களிலும் உருவான ஸ்போர்ட்ஸ் கார்களை இன்று பேணி ஓட்டுவோர் பலர், அவற்றின் பின்சக்கரங்களில் உள்ள பழைய டிரம் பிரேக்குகளைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்துகின்றனர். பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட பல கேலிப்பர்களில் ஹேண்ட் பிரேக்குக்கு இடமே இருப்பதில்லை. வேலை முடிந்து கார் வெளியே வந்த பிறகுதான் கையருகே உள்ள லீவர் எதனுடனும் இணைக்கப்படாமல் கிடப்பது தெரியவருகிறது. அந்தக் காலத்துக் கார்களில் இந்த இழப்பு நிறுத்திவைக்கும் வசதியை மட்டும் சார்ந்ததன்று. எண்ணெய்க் குழாய் உடைந்தால் காரிலே மிஞ்சியிருக்கும் ஒரே பிரேக் அதுதான்.

இரண்டாவது பிரேக்

கார்கள் தோன்றிய காலத்திலேயே, ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும்படி இரண்டு தனித்தனி பிரேக்குகள் வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. பிரிட்டனின் 1904ஆம் ஆண்டு மோட்டார் கார் ஆணையும் இதை வலியுறுத்தியது. அக்காலக் கார்கள் பலவற்றில் ஒரு பிரேக் காலாலும் மற்றொன்று வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீண்ட லீவராலும் இயங்கின.

1920களில் எண்ணெய் அழுத்த பிரேக் பரவியது. 1921இல் வெளிவந்த அமெரிக்க டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைக் கொண்டிருந்தது. நான்கு சக்கரங்களும் ஒரே சீராகப் பிடித்தன. ஆனால் நான்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரை நம்பியிருந்தன. ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலும் பெடல் தரைவரை போய்விடும், எந்தச் சக்கரமும் பிடிக்காது. முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்த பிரேக்குகளை அமெரிக்கா 1968 ஜனவரி முதல்தான் கட்டாயமாக்கியது. அதற்கு முன் வந்த பெரும்பாலான கார்களில், ஸ்போர்ட்ஸ் கார்கள் உட்பட, சுற்று ஒன்றே.

பிரிட்டனில் 1960இல் தொடங்கிய எம்.ஓ.டி. என்னும் ஆண்டுச் சோதனையின் அளவுகோலில் இந்த வேறுபாடு பதிவாகியிருக்கிறது. இரட்டைச் சுற்று உள்ள காரின் ஹேண்ட் பிரேக், காரின் எடையில் 16 விழுக்காடு அளவு பிடிப்பைக் காட்டினால் போதும். ஒற்றைச் சுற்றுக் காரில் அது 25 விழுக்காடு காட்ட வேண்டும். ஓடும் காரையும் நிறுத்த வேண்டிய நிலை அதற்கு வரலாம் என்பதே காரணம். நாற்பது ஆண்டுகளைக் கடந்த கார்களில் பெரிதும் மாற்றம் செய்யப்படாதவற்றுக்கு 2018 மே மாதத்திலிருந்து அங்கே இந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே ஹேண்ட் பிரேக்கை மிகவும் நம்பியிருக்கும் கார்களில் பல, இன்று உரிமையாளர் விரும்பினாலன்றிச் சோதிக்கப்படுவதில்லை. இது சற்று வியப்பான நிலைதான்.

டிஸ்க் பிரேக் வந்த வழி

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். அது காரில் நிலைபெற அரை நூற்றாண்டு ஆனது. டிரம் பிரேக்கில் வளைந்த இரண்டு ஷூக்கள் ஒரு மூடிய உருளையின் உட்புறத்தை அழுத்துகின்றன. உருவாகும் வெப்பம் உள்ளேயே தங்குகிறது, உருளை சூட்டில் விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது, பிடிப்பு குறைகிறது. பந்தயங்களில் இது பெருந்தொல்லையாக இருந்தது. டிஸ்க்கோ திறந்த வெளியில் சுழலும் தட்டு. காற்று பட்டுக் குளிர்கிறது.

டன்லப் நிறுவனமும் ஜாகுவாரும் சேர்ந்து சி-டைப் பந்தயக் காரில் டிஸ்க் பிரேக்கைச் சோதித்தன. 1952இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஸ்டிர்லிங் மாஸ் அந்தக் காரில் வென்றார். அடுத்த ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய சி-டைப் முதலிடம் பெற்றது. மற்ற இரண்டு சி-டைப்கள் இரண்டாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. அந்தப் பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. நேர்ச்சாலையின் கடைசிவரை வேகத்தைக் குறைக்காமல் வந்து, பிறகு நம்பி மிதிக்க முடிந்தது இதற்கு முக்கியக் காரணம்.

சாலைக் கார்களில் டிஸ்க் முதலில் முன்சக்கரங்களுக்கே வந்தது. 1956இல் டிரயம்ப் டி.ஆர்.3 காரில் கர்லிங் நிறுவனத்தின் டிஸ்க்குகள் முன்னால் பொருத்தப்பட்டன. 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கப்பட்டபோது கூட்டாளியாக இருந்ததும் இதே கர்லிங்தான். டி.ஆர்.3இன் பின்சக்கரங்களில் டிரம் அப்படியே இருந்ததால் ஹேண்ட் பிரேக்குக்குச் சிக்கலில்லை. 1955இல் வந்த சித்ரோயன் டி.எஸ். காரில் டிஸ்க் முன்னால் இருந்தது, ஹேண்ட் பிரேக்கும் முன்சக்கரங்களிலேயே செயல்பட்டது. அது தனி வழி. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் என்று 1957இல் ஜாகுவார் எக்ஸ்.கே.150 வந்தபோதுதான், பின்னால் டிரம் இல்லாத காரை நிறுத்திவைப்பது எப்படி என்ற கேள்வி சாலைக் கார்களில் பரவலாக எழத் தொடங்கியது.

நிறுத்துவது வேறு, நிறுத்திவைப்பது வேறு

டிரம் பிரேக்கில் ஒரு இயல்பான உதவி இருக்கிறது. உருளை சுழலும் திசையில் இருக்கும் ஷூவை உராய்வே மேலும் உள்ளே இழுத்து அழுத்துகிறது. சரிவில் நிற்கும் காரின் சக்கரம் உருள முயலும்போதும் இதே இழுப்பு நடக்கிறது. கை கொடுக்கும் சிறு விசை பெருகிவிடுகிறது. டிஸ்க்கில் இந்த உதவி இல்லை. இரு பக்கமும் பேடுகள் நேராகக் கிள்ளுகின்றன. கிள்ளும் விசை எவ்வளவோ அவ்வளவுதான் பிடிப்பு. கால் பிரேக்கில் எண்ணெய் அழுத்தமும் வேக்குவம் பூஸ்டரும் அந்த விசையைத் தருகின்றன. ஹேண்ட் பிரேக்குக்கு இருப்பது ஒரு கை மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,100 கிலோ எடையுள்ள கார், 20 விழுக்காடு சரிவில், அதாவது ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் நிற்கிறது. அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 215 கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஏறக்குறைய 108 கிலோ. டயரின் ஆரம் 30 செ.மீ., பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 12 செ.மீ. என்றால் டிஸ்க்கில் 270 கிலோ உராய்வு வேண்டும். உராய்வுக் கெழு 0.4 என்று கொண்டு, இரண்டு பேடுகளுக்கும் பகிர்ந்தால், ஒவ்வொரு சக்கரத்திலும் சுமார் 340 கிலோ விசையில் கிள்ள வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 680 கிலோ. ஐரோப்பிய விதி இதே 20 விழுக்காடு சரிவைத்தான் அளவாகக் கொள்கிறது. கை இழுக்கும் விசை 400 நியூட்டனுக்கு, அதாவது ஏறக்குறைய 40 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றும் சொல்கிறது. எனவே லீவரும் கேபிளும் கேலிப்பரின் கரமும் சேர்ந்து கை விசையைப் பதினேழு மடங்காக்க வேண்டும். கேபிளுக்குள் வீணாகும் உராய்வு இதில் சேரவில்லை. அதே அளவு டிரம்மில் இதில் பாதிக்கும் குறைவான விசை போதும்.

வெப்பமும் எதிராக வேலை செய்கிறது. மலைப்பாதையில் இறங்கி வந்து நிறுத்திய காரின் டிஸ்க் சூடாக இருக்கும். ஆற ஆற அது மெலிகிறது. பேடின் பிடி தளர்கிறது. நிறுத்தும்போது அசையாமல் நின்ற கார் சிறிது நேரம் கழித்து, ஓட்டுநர் அருகில் இல்லாதபோது, உருளத் தொடங்கலாம். டிரம்மில் நேர்மாறு: உருளை ஆறிச் சுருங்கும்போது ஷூவை இன்னும் இறுக்குகிறது.

தயாரிப்பாளர்கள் கண்ட தீர்வுகள்

ஜாகுவார் எடுத்த வழி நேரானது. எக்ஸ்.கே.150 காரின் பின் டிஸ்க்கில் கால் பிரேக்குக்கு ஒரு கேலிப்பர், ஹேண்ட் பிரேக்குக்கு கேபிளால் இயங்கும் தனிச் சிறு கேலிப்பர். 1961இல் ஜெனீவாவில் அறிமுகமான இ-டைப்பிலும் அதே முறை தொடர்ந்தது. ஆனால் இ-டைப்பின் பின் டிஸ்க்குகள் சக்கரத்தருகே இல்லை. காரின் நடுவில் டிஃபரென்ஷியலின் இரு பக்கமும் ஒட்டியிருந்தன. அங்கே கை நுழைப்பது கடினம். ஆகவே பலர் பின் அச்சுத் தொகுதி முழுவதையும் இறக்கியே இந்த வேலையைச் செய்கின்றனர். சரிசெய்யக் கடினமான பொருள் சரிசெய்யப்படாமலே கிடக்கும். ஜாகுவார் ஹேண்ட் பிரேக்குகள் வலுவற்றவை என்ற பெயருக்கு வடிவமைப்பு ஒரு பாதி, இந்தப் புறக்கணிப்பு மறுபாதி காரணம் எனலாம்.

ஜெர்மானியர் டிரம்மையே திரும்ப அழைத்துக்கொண்டனர். 1963இல் வந்த போர்ஷே 356 சி காரில் டிஸ்க்கின் நடுவே தொப்பி போன்ற குழிவான பகுதி ஒரு சிறு டிரம்மாகச் செயல்பட்டது. உள்ளே ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் இரண்டு ஷூக்கள். 911 காரும் இதைப் பின்பற்றியது. ஓட்டத்தை நிறுத்துவது டிஸ்க், நின்றதைப் பிடித்துவைப்பது டிரம் என்ற இந்தப் பங்கீடு பொறியியல் நோக்கில் மிகவும் நேர்மையானது.

1965இல் செவர்லே கார்வெட் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பெற்றபோது அதே முறையைக் கொண்டது. ஆனால் அதன் பின் டிஸ்க்குகள் சக்கர அச்சின் தட்டோடு ரிவெட் அடித்து இணைக்கப்பட்டிருந்தன. உள்ளே உள்ள ஷூவைத் தாராளமாகப் பார்க்க வேண்டுமானால் ரிவெட்டுகளைத் துளையிட்டு அகற்ற வேண்டும். இந்த ஷூக்கள் ஓடும்போது உரசுவதில்லை என்பதால் தேய்வதில்லை. அதனாலேயே யாரும் அவற்றைத் திறந்து பார்ப்பதுமில்லை. ஈரம் புகுந்து ஸ்பிரிங்கும் லீவரும் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன. இன்று அந்தக் கார்களைப் புதுப்பிப்போர் துருப்பிடிக்காத எஃகில் செய்த உதிரிகளைத் தேடி வாங்குவது இதனால்தான்.

மூன்றாவது வழி, ஒரே கேலிப்பருக்குள் இரண்டு வேலைகளையும் அடக்குவது. கேபிள் இழுக்கும் கரம் உள்ளே ஒரு திருகையோ கேமையோ திருப்பி, எண்ணெய் தள்ளும் அதே பிஸ்டனைத் தள்ளுகிறது. 1969இல் வந்த போர்ஷே 914 இவ்வகை கேலிப்பரைக் கொண்டிருந்தது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே சரியான மயிரிழை இடைவெளி வைக்காவிட்டால் பெடல் தளர்ந்துபோகும் என்பது அதன் உரிமையாளர்கள் அனைவரும் கற்ற பாடம். பின்னர் வந்தவை தாமே சரிசெய்துகொள்ளும் திருகுகளோடு வந்தன. இன்றைய சாதாரணக் கார்கள் பலவற்றில் இருப்பது இதன் வழிவந்ததே.

பழைய காரில் சேர்க்கும்போது

1969இல் வெளிவந்த டாட்சன் 240 இசட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னால் டிஸ்க், பின்னால் துடுப்புகள் கொண்ட அலுமினிய டிரம். இதன் வழித்தோன்றலான 280 இசட்.எக்ஸ். 1978இல் பின் டிஸ்க்கோடும், ஹேண்ட் பிரேக் உள்ளடங்கிய கேலிப்பரோடும் வந்தது. அந்த கேலிப்பரைப் பழைய காரில் ஒரு இடைத்தகட்டின் உதவியால் பொருத்துவது இசட் கார் ஆர்வலரிடையே வழக்கமான மாற்றம். கால் பிரேக் உடனே வேலை செய்கிறது; கேபிள்தான் தொல்லை தருகிறது. பழைய கேபிளின் நுனி டிரம்முக்குள் இருந்த கரத்துக்காகச் செய்யப்பட்டது. புதிய கேலிப்பரின் கரம் வேறு இடத்தில், வேறு கோணத்தில் நிற்கிறது. கேபிள் கூர்மையாக வளைந்தால் கையின் இழுப்பில் பெரும்பகுதி உறைக்குள்ளேயே தீர்ந்துவிடும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது கேபிள் தானாக இழுபடாமலும், அச்சில் உரசாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பிஸ்டன்கள் கொண்ட பந்தய கேலிப்பரைத் தேர்ந்தவர்களுக்கு ஜாகுவாரின் பழைய வழியே உதவுகிறது: அதே டிஸ்க்கின் மறுபக்கத்தில் கேபிளால் இயங்கும் ஒரு சிறு கேலிப்பர். இடம் கிடைத்தால் போர்ஷே வழியில், நடுவில் டிரம் உள்ள டிஸ்க்கை வாங்கலாம். பிடிப்பு அதில்தான் நம்பகமானது. சிலர் இரண்டையும் விட்டுவிட்டு, எண்ணெய்க் குழாயில் ஒரு அடைப்பானை வைத்து அழுத்தத்தைப் பூட்டிவிடுகின்றனர். ராலிக் கார்களின் எண்ணெய் ஹேண்ட் பிரேக்கும் இதற்கு ஈடாகக் காட்டப்படுவதுண்டு. இரண்டும் நிறுத்திவைக்கும் பிரேக் ஆகா. சிறு கசிவோ இரவின் குளிரோ அழுத்தத்தைக் குறைத்துவிடும். குழாய் உடைந்தால் கால் பிரேக்கோடு இவையும் சேர்ந்தே போகும்.

பின் பிரேக்கின் வலிமையையும் அளவோடு கூட்ட வேண்டும். முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை இதற்காகச் சேர்க்கின்றனர்.

பொருத்தியபின் சரிசெய்யும் வரிசையில்தான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன. முதலில் கேபிளைத் தளர்த்திவிட்டு, சக்கரத்தருகே ஷூ அல்லது பேடின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகே கேபிளின் தளர்ச்சியை எடுக்க வேண்டும். லீவர் அதிகம் மேலே வருகிறதென்று கேபிளை மட்டும் இறுக்கினால், கேலிப்பரின் கரம் தன் ஓய்வு நிலைக்குத் திரும்புவதில்லை. அப்போது தானே சரிசெய்துகொள்ளும் திருகும் வேலை செய்வதில்லை. சில வாரங்களில் லீவர் மீண்டும் மேலே வந்துவிடும். புதிய பேட்களும் ஷூக்களும் டிஸ்க்கோடும் டிரம்மோடும் படிந்திருக்காது என்பதால், ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டியபடி ஹேண்ட் பிரேக்கை இலேசாகச் சில முறை இழுத்துப் படியவைக்கின்றனர். பிறகு சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குச் சிறு இடைவெளி விட்டு ஒரு கட்டையை வைத்து, பிரேக் சூடாக இருக்கும்போது ஒரு முறையும் ஆறிய பிறகு மறுமுறையும் பார்க்கின்றனர். இரண்டாவது முறைதான் உண்மையான சோதனை. இந்த நூற்றாண்டில் பரவிய மின்மோட்டார் ஹேண்ட் பிரேக்குகள் பலவற்றில், நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பிறகு மோட்டார் தானாகவே மீண்டும் ஒரு முறை இறுக்கிக்கொள்ளும்படி அமைத்திருப்பதும் ஆறும் டிஸ்க்கை எண்ணியே.