அம்மா வீட்டில் இல்லாத மணித்தியாலங்கள்: வேலைக்குப் போகும் தாயின் வீட்டு ஒழுங்கு

போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. ஆனால் வன்னியில் சிறு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயின் நாளில் அந்தப் போர் விட்டுச்சென்ற வெற்றிடம் இன்னமும் இருக்கிறது. முன்னர் ஒரே வளவுக்குள் அம்மம்மா, பெரியம்மா, சித்தி, மாமி என்று நான்கைந்து பேர் பார்த்து வளர்த்த பிள்ளையை இன்று ஒருத்தி தனியாகப் பார்க்கிறாள். சிலருக்குக் கணவர் இல்லை. சிலருக்குக் கணவர் எங்கே என்பதே தெரியாது. கணவர் உள்ள வீடுகளிலும் பலர் வேலை தேடி வேறு மாவட்டங்களுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் பெண்கள் அமைப்பு ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். தரம் 4 இல் ஒரு மகள், தரம் 1 இல் ஒரு மகன், இரண்டு வயதில் ஒரு கடைக்குட்டி. கணவர் மேசன் வேலைக்காக வெளி மாவட்டத்தில் நிற்கிறார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். காலை 7.15 க்கு நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிவர மாலை 5.30 ஆகும். வேலை நிமித்தம் ஒவ்வொரு நாளும் என்னைப் போன்ற தாய்மாரின் வீடுகளுக்குள் போய்வருகிறேன். அங்கே பார்த்ததையும் என் வீட்டில் கைகொடுத்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வீட்டு ஒழுங்கு என்றவுடன் பலருக்கும் கூட்டித் துடைத்த தரையும் மடித்து அடுக்கிய உடுப்புகளும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது இரண்டாவது விடயம். நாங்கள் வீட்டில் இல்லாத பத்து மணித்தியாலத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு, பாதுகாப்பாக, பயமில்லாமல் இருக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டைத்தான் இங்கே ஒழுங்கு என்று சொல்கிறேன்.

காலை வேலையை இரவுக்கு மாற்றுதல்

பாடசாலை 7.30 க்குத் தொடங்கும். அதற்கு முன் உள்ள இரண்டு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் செய்ய நினைத்தால் கோபமும் அடியும்தான் மிஞ்சும். எனவே நெருப்புத் தேவைப்படாத எந்த வேலையையும் காலைக்கு விடக்கூடாது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளே புத்தகப் பையை அடுக்க வேண்டும். சீருடை, காலுறை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் நான்கும் கதவடியில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டு சோடிச் சீருடைதான் இருக்கிறது. பிள்ளை பாடசாலையால் வந்து கழற்றியவுடனேயே அதை ஊறப்போட்டுவிட்டால் மாரி காலத்திலும் ஒரு சோடி காய்ந்திருக்கும். கௌப்பி, கடலை, பயறு ஏதாவது ஒன்றை இரவே ஊறவைக்கலாம். தேங்காயையும் துருவி வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அது காலைக்குள் பழுதாகிவிடும். தேங்காய் மட்டும் காலையில்தான்.

அடுப்படி

காலையில் இடியப்பம் அவிப்பதற்கு நேரம் போதாது. அரிசிமாவையும் கோதுமைமாவையும் ஞாயிற்றுக்கிழமையே வறுத்து, அவித்து, அரித்து வைத்திருந்தால் கிழமை நாட்களில் புட்டு அவிக்க அரை மணித்தியாலம் போதும். 2022 இல் காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் வரிசையில் நின்றதை ஒருவரும் மறந்திருக்க மாட்டோம். காஸ் அடுப்பு இருந்தாலும் விறகு அடுப்பை உடைத்துவிட வேண்டாம். நனையாத இடத்தில் ஒரு கிழமைக்குரிய விறகு இருக்கட்டும்.

மதியச் சாப்பாட்டை நாங்கள் காலை 6 மணிக்குச் சமைக்கிறோம். பிள்ளைகள் அதை 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் சாப்பிடுகிறார்கள். தேங்காய்ப்பால் விட்ட கறி எங்கள் வெயிலுக்குக் கெதியாகப் புளித்துவிடும். ஆகவே பால் விடாத பருப்பு, முருங்கையிலை வறை, பொரித்த நெத்தலி, அவித்த முட்டை போன்றவற்றை மதியத்துக்கும், சொதியையும் பால் கறியையும் இரவுக்கும் வைத்துக்கொள்ளலாம். சோற்றைச் சூட்டோடு இறுக மூடாமல் ஆவி போனபின் மூட வேண்டும். மதியம் மிஞ்சிய சோற்றை இரவில் சிறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் அதிகம். தேயிலைச் சாயம் உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுப்பதைக் குறைக்கிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்தே தேநீர் கொடுக்கலாம். கீரையோடு தேசிக்காய்ப் புளியோ ஒரு கொய்யாப்பழமோ சேர்ந்தால் அந்தச் சத்து நன்றாக உடலில் சேரும். கொய்யா எங்கள் வளவுகளிலேயே காய்க்கிறது.

பாடசாலை விட்ட பின்னர்

சிறிய வகுப்புகள் பெரிய வகுப்புகளுக்கு முன்னரே விட்டுவிடும். அப்போதிருந்து தாய் வரும்வரை உள்ள நேரம்தான் நாளில் மிகவும் கடினமான பகுதி. எங்கள் ஒழுங்கையில் மூன்று தாய்மார் சேர்ந்து இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வீட்டிலிருந்தே தையல் வேலை செய்யும் ஓர் அக்கா பிள்ளைகளை மறித்து வைத்துப் பார்க்கிறா. அவவுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கிறோம். கையில் காசு இல்லாத மாதத்தில் தேங்காயோ அரிசியோ கொடுக்கிறோம். பார்க்கிறவருக்கு ஏதாவது கொடுத்தால்தான் இந்த ஒழுங்கு நிலைக்கும். "சும்மா பார்த்துக்கொள்ளுங்கோ" என்று கேட்டால் இரண்டாவது மாதமே மனக்கசப்பு வரும்.

இதற்கு இரண்டு விதிகள் இருக்கின்றன. பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரக்கூடிய இரண்டு பேரின் பெயர் வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறு யார் வந்து கூப்பிட்டாலும் பிள்ளை போகக்கூடாது. அடுத்தது, தெரிந்தவரோ உறவினரோ தொடக்கூடாத இடத்தில் தொட்டால் அம்மாவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அம்மா ஏசமாட்டா என்பது பிள்ளைக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

தாய் எப்போது வருவாள் என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். என் மகனுக்கு இன்னமும் மணிக்கூடு பார்க்கத் தெரியாது. ஒரு மட்டையில் மணிக்கூடு வரைந்து, முள்ளுகளை 5.30 இல் வைத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "பெரிய முள்ளு ஆறிலை வந்து நிக்கேக்கை அம்மா வருவன்" என்று சொல்லியிருக்கிறேன். பிந்தினால் அந்த அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுவேன். இது சின்ன விடயமாகத் தெரியலாம். வெளியே போனவர்கள் திரும்பி வராத வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். பிந்துவது எங்களுக்குப் பயமாகத்தான் தெரியும். அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொள்கிறது. சொன்ன நேரத்துக்கு வருவதும், வர முடியாவிட்டால் முன்னரே சொல்வதும் நாளாந்தம் அந்தப் பயத்தைக் குறைக்கின்றன.

வீட்டையும் வளவையும் பார்த்தல்

என் கடைக்குட்டியை என் அம்மா பார்க்கிறா. அவவுக்கு முழங்கால் வருத்தம். ஓடிப்போய்ப் பிடிக்க ஏலாது. வயதானவர்களின் பொறுப்பில் சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பின்வருவனவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

கிணறு: கட்டு இல்லாத கிணறு என்றால் கம்பி வலையோ பலகையோ கொண்டு மூட வேண்டும். கட்டு இருந்தால் அதற்குப் பக்கத்தில் பிள்ளை ஏறக்கூடிய கல்லோ வாளியோ இருக்கக்கூடாது. தண்ணீர் நிரம்பிய பெரிய வாளியும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆபத்துத்தான்.

மண்ணெண்ணெய், கிருமிநாசினி: இவற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கக்கூடாது. பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெடிபொருட்கள்: மீள்குடியேறிய இடங்களில் காணி துப்புரவாக்கும்போதும் விறகு பொறுக்கும்போதும் இவை இன்றும் வெளிப்படுகின்றன. துருப்பிடித்த எந்த இரும்பையும் தொடாமல், எறியாமல், வந்த வழியே திரும்பிவந்து பெரியவர்களிடம் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்.

தொலைபேசி இலக்கங்களைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, சிறுவர் பாதுகாப்பு 1929, பெண்களுக்கான உதவி 1938. அவற்றின் கீழே தாயின் இலக்கமும் பக்கத்து வீட்டு இலக்கமும் இருக்கட்டும்.

ஞாயிறு ஒரு மணித்தியாலம்

கிழமையில் ஒருமுறை, ஞாயிறு காலை ஒரு மணித்தியாலத்தை இரண்டு வேலைகளுக்கு ஒதுக்குகிறேன். முதலாவது, வளவைச் சுற்றிவருவது. சிரட்டை, ரின், பழைய ரயர், பூச்சாடித் தட்டு என்று தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும் பிள்ளைகளோடு சேர்ந்து கவிழ்ப்போம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு கிழமை ஆகும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை தவறாமல் செய்தாலே அதன் பெருக்கத்தைத் தடுக்கலாம். கார்த்திகை, மார்கழி மழையில் இதை விடவே கூடாது. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் நிறைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். அஸ்பிரினும் இபுபுரூபனும் டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை.

இரண்டாவது, கலண்டரைப் பார்ப்பது. கிளினிக் நாள், பெற்றோர் கூட்டம், கிழமைக் கடன் கட்டும் நாள், சீட்டுக் காசு கட்டும் நாள் எல்லாவற்றையும் ஒரே கலண்டரில் குறிக்கிறேன். கடன்காரர் வாசலில் நிற்கும் நாளும் பிள்ளையின் கிளினிக் நாளும் ஒன்றாக வந்து, தாய் வீட்டை விட்டு வெளிக்கிட முடியாமல் தடுப்பூசி தவறிப்போன வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

தடுப்பூசி

நாட்டின் தடுப்பூசி அட்டவணைப்படி பிறந்தவுடன் காசநோய்க்கான பீ.சீ.ஜீ. போடப்படுகிறது. அதன்பின் 2, 4, 6 ஆம் மாதங்களிலும், 9 ஆம், 12 ஆம், 18 ஆம் மாதங்களிலும், 3 வயதிலும் 5 வயதிலும் தடுப்பூசிகள் இருக்கின்றன. 9 ஆம் மாதமும் 3 வயதும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கானவை. 12 ஆம் மாதம் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. எல்லாம் இலவசம். ஒன்று தவறிவிட்டால் வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்க வேண்டாம். உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் வேறு நாளில் போட ஒழுங்குசெய்வார்.

கைக்குழந்தையுடன் தனியார் துறையில் வேலைக்குப் போகும் தாய்மார் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை ஒவ்வொரு வேலை நாளிலும் பாலூட்டுவதற்கு இரண்டு இடைவேளைகள் தரப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வேலைத்தலத்தில் பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம்.

பத்திரப் பை

இடப்பெயர்வில் எங்கள் அம்மாமார் எதை விட்டாலும் பத்திரப் பையை விடவில்லை. 2009 இல் எத்தனையோ குடும்பங்கள் முள்ளிவாய்க்காலிலிருந்து முகாமுக்கு வந்தபோது கையில் இருந்தது அது ஒன்றுதான். அதையும் இழந்தவர்கள் பிறப்புச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகள் அலைந்தார்கள். இன்று வெள்ளத்துக்கும் அந்தப் பை தேவை.

தண்ணீர் புகாத ஒரு பையில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், கிளினிக் பதிவேடு, வங்கிப் புத்தகம், காணி ஆவணம் என்பவற்றை வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் எடுத்து வேறிடத்தில் வைத்து, தொலைபேசியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரம் 1 அனுமதிக்குப் பிறப்புச் சான்றிதழும் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணங்களும் கேட்பார்கள். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிந்தால் பின்னர் அலைச்சல் இல்லை. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட நிலையில் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாருக்காக, அவர் காணாமற்போயுள்ளார் என்பதை மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழுக்கு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்துள்ளது. அதை எடுப்பதா இல்லையா என்பது அந்தத் தாயின் முடிவு.

மூத்த மகள் இன்னொரு தாய் அல்ல

நான் போகும் வீடுகளில் அதிகம் வருத்தப்படுவது இதற்காகத்தான். தாய் வேலைக்குப் போனால் ஒன்பது, பத்து வயது மகள் சமைக்கிறாள், தம்பியைக் குளிப்பாட்டுகிறாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அவள்தான் பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறாள். அவளுக்கும் அது ஒரே ஒரு சிறுபராயம்.

வேலையை வயதுக்கேற்பப் பிரியுங்கள், ஆண் பெண் என்று பிரிக்க வேண்டாம். ஆறு வயது மகன் தன் கோப்பையைக் கழுவலாம், முற்றம் கூட்டலாம், கோழிக்குத் தீன் போடலாம். ஒன்பது வயதில் உடுப்பு மடிக்கலாம், கீரை ஆயலாம். அடுப்பு, கிணறு, கைக்குழந்தை மூன்றும் எந்தப் பிள்ளையின் பொறுப்பாகவும் இருக்கக்கூடாது. பிள்ளைக்கு வருத்தம் வரும் நாளில் யார் வீட்டில் நிற்பது என்பதையும் முன்கூட்டியே பெரியவர்களுக்குள் பேசி வைத்திருக்க வேண்டும்.

தாய்க்கும் ஒரு கோப்பை

எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைத் தின்பது எங்கள் பெண்களின் பழக்கம். என் வீட்டில் சமைத்தவுடனேயே எனக்குரியதையும் ஒரு கோப்பையில் போட்டு மூடிவிடுவேன். தாய் விழுந்தால் மேலே சொன்ன எந்த ஏற்பாடும் நிற்காது. இரவு நித்திரை வராமல், அழுகை அடங்காமல், பிள்ளைகளைக் கண்டாலே எரிச்சல் வரும் நிலை கிழமைக்கணக்கில் நீடித்தால் அது மருந்துக்கும் ஆலோசனைக்கும் உரிய வருத்தம். 1926 என்ற இலக்கத்தில் மனநல ஆலோசனை கிடைக்கும். மாவட்ட வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன.

இவற்றை எல்லாம் ஒரே கிழமையில் தொடங்க முயலாதீர்கள். இந்தக் கிழமை கிணற்றைப் பாருங்கள், சுவரில் இலக்கங்களை ஒட்டுங்கள். அடுத்த கிழமை பத்திரப் பை. அதன்பின் பக்கத்து வீட்டுத் தாயிடம் போய்ப் பேசுங்கள். அவவும் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பா.