உளவியலாளர் தொழில் நெறி: சத்தியமங்கலம் வட்டாரம்

ஆலோசனைக்கு வருபவரிடம் உளவியலாளர் எப்படி நடக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று வகுப்பது தொழில் நெறி. அமெரிக்க உளவியல் சங்கம் தன் முதல் நெறித்தொகுப்பை 1953இல் வெளியிட்டது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்களை, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்கிறது. மற்ற உளவியலாளர்களை 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

சத்தியமங்கலம் போன்ற ஊரில் முதலில் இடிபடுவது ரகசியம் காக்கும் விதி. ஒருவரைக் காட்ட மூன்று பேர் கூட வருவார்கள். மருமகள் பேசிவிட்டு வெளியே வந்ததும், தோளில் துண்டோடு மாமனார் வாசலில் நிற்பார்: "ஏனுங்க, புள்ள என்னங்க சொல்லுச்சு?" அதட்டல் இல்லை, அக்கறைதான், பஸ் ஏற்றிக் கூட்டி வந்தவரும் அவரே. ஆனாலும் சொல்லக் கூடாது. 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. தன் பிரதிநிதி யாரென்று அந்தப் பெண்ணே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம். அது மாமனாராகவும் இருக்கலாம், அவள் எழுதினால்.

உயிராபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை ஆகியவை விதிவிலக்குகள். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'தெரிந்த குடும்பமாச்சே' என்று மூடினால் ஆறு மாதம் வரை சிறை.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சிக்கல் வேறு. தாளவாடியில் கன்னடம் புழங்குகிறது. மலைக் கிராமங்களில் ஊராளிகளும் சோளகர்களும் வாழ்கிறார்கள். மொழிபெயர்க்கச் சொந்தக்காரரையே உட்கார வைத்தால், ஒப்புதல் யாருடையது என்பதே தெரியாமல் போகும். கொங்கு மில் விடுதிகளில் இன்னொரு சங்கடம்: ஆலோசகருக்குச் சம்பளம் தருவது மில், மனம் திறப்பது அங்கே தங்கி வேலை பார்க்கும் பெண். அவள் சொல்வதில் மேலாளருக்கு எது போகும், எது போகாது என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வரம்பை மில்லிடம் எழுத்தில் வாங்காமல் ஆலோசகர் வேலையில் சேர்வதே தவறு.

இவற்றைப் புத்தகத்தில் படித்தால் விதி மனப்பாடமாகும், மாமனார் முன்னால் நாக்கு எழாது. மூத்தவர் மேற்பார்வையில், ஒருவர் மாமனாராக நடிக்க மற்றவர் பதில் சொல்லிப் பழகுவதே உருப்படியான பயிற்சி. ஆலோசனைக்கு வருபவர் பூ மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதையும் அவரிடம் முதல் நாளே பேசிவைப்பது நல்லது: "நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேனுங்க, இல்லைன்னா கண்டுக்க மாட்டேன்."