ஹிலரி மான்டெலும் எண்டோமெட்ரியோசிஸ் நோயும்

கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை போன்ற பிற உறுப்புகளில் வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும். 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் இந்நோய்க்கு இப்பெயரை வழங்கினார். மாதவிடாய்க் குருதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் படிவதே இதற்குக் காரணம் என்றார். கருப்பையை அகற்றினால் நோய் தீரும் என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கை பொய்த்ததற்கு ஆங்கில எழுத்தாளர் ஹிலரி மான்டெலின் (1952–2022) வாழ்க்கை ஒரு சான்று. மாணவப் பருவத்தில் வலியோடு மருத்துவரை நாடிய அவருக்கு மனநோய் மருந்துகளே கொடுக்கப்பட்டன. பின்னர் போட்ஸ்வானாவில் வாழ்ந்தபோது, மருத்துவ நூலொன்றைப் படித்துத் தம் நோயைத் தாமே கண்டறிந்தார். 27ஆம் வயதில் இலண்டனில் நடந்த அறுவை சிகிச்சையில் அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. தாயாகும் வாய்ப்பு போயிற்று. வலியோ திரும்பி வந்தது. மருந்துகளால் உடலும் பெருத்தது.

வலி திரும்புவதற்குக் காரணம் உண்டு. நோய்த்திசு இருப்பது கருப்பைக்கு வெளியே. கருப்பையை மட்டும் எடுத்தால் அத்திசு அப்படியே தங்கிவிடும். எஞ்சிய சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அதனை வளர்க்கும். சினைப்பைகளை நீக்கிய பின்பும், மருந்தாகத் தரப்படும் ஈஸ்ட்ரோஜன் அதனைத் தூண்டக்கூடும். ஆகவே இன்று, அறுவை சிகிச்சை செய்யும்போது நோய்த்திசுவைக் கண்டறிந்து நீக்குவதே முதன்மையாகக் கருதப்படுகிறது.

மான்டெல் தம் துன்பத்தை 2003இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் பதிவு செய்தார். 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் புக்கர் பரிசு பெற்றார். பெண்ணின் வலியை மனப்பிரமை என ஒதுக்கினால் நேரும் இழப்புக்கு அவர் வரலாறு சாட்சியாக நிற்கிறது.