அழிக்க முனைந்தோரும் அழியாத விலங்கும்

வட அமெரிக்காவில் மனிதனுக்கும் ஒரு சிறு விலங்குக்கும் இடையே நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் போராட்டம் நாம் சிந்திக்கத் தக்கதாகும். அவ்விலங்கின் பெயர் கொயோட்டி. ஓநாயினும் சிறியது, தோற்றத்தில் நம் நாட்டு நரியை ஒத்தது. மெக்சிகோவின் பழங்குடி மொழியாகிய நவாட்டலில் வழங்கிய சொல்லே ஸ்பானிய மொழி வழியாக இப்பெயராயிற்று. 1823இல் தாமஸ் சே என்னும் இயற்கை நூலார், ‘குரைக்கும் நாய்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இதற்குச் சூட்டினார்.

ஆட்டு மந்தை வளர்ப்போருக்கு இது பகையாயிற்று. குட்டியைப் பறிகொடுத்தவனின் துயர் பொய்யன்று. 1931இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தீங்கிழைக்கும் விலங்குகளை ஒழிக்கும் பணியை அமெரிக்க அரசு விரிவாக மேற்கொண்டது. பொறியும் துப்பாக்கியும் நஞ்சும் பயன்பட்டன. ஓநாய் பெரும்பாலான இடங்களில் மறைந்தது. கொயோட்டியோ, அது விட்டுச் சென்ற நிலங்களிலும் குடியேறிற்று. இன்று ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. தெற்கே பனாமா வரை சென்றுவிட்டது.

இதற்குக் காரணங்கள் உள. எலி, முயல், கனி, செத்த பிராணி என எதையும் உண்டு அது பிழைக்கும். எண்ணிக்கை குறைந்தால், எஞ்சியவற்றுக்கு இரை மிகுகிறது. குட்டிகள் கூடுதலாகத் தப்பிப் பிழைக்கின்றன. வெறுமையான நிலத்துக்கு வேற்றிடத்து இளம் விலங்குகள் வந்து சேர்கின்றன.

அனைத்தினும் மேலானது அதன் எச்சரிக்கை. அடிபட்ட முயலின் ஓலத்தை ஊதுகுழலால் எழுப்பி அதனை அழைப்பது வேடர் வழக்கம். வேடர் மிகுதியாக நடமாடும் இடங்களில், ஒருமுறை தப்பிய விலங்கு அவ்வோசையை நம்புவதில்லை. வந்தாலும் நேரே வராது. வேடனைக் கடந்து காற்று வீசும் பக்கமாகச் சுற்றிவந்து மனித வாடையை மோப்பம் பிடிக்கும். பகலைத் தவிர்த்து இரவில் உலவும். ஆகவே அங்குள்ள வேடன் சாலையை விட்டு நெடுந்தொலைவு நடக்கிறான். பலரும் ஊதும் முயற்குரலை விடுத்துக் கொயோட்டியின் குரலையே எழுப்புகிறான். அசையாது நெடுநேரம் காத்திருக்கிறான். துரத்துவோனே விலங்குக்கு ஆசானாகிவிட்டான்!

1972இல் அதிபர் நிக்ஸன் அரசு நிலங்களில் நஞ்சிடுவதைத் தடுத்தார். பின்வந்த ஆட்சிகள் அத்தடையைத் தளர்த்தின. கூடுதலாகக் கொன்றவருக்குப் பரிசு தரும் போட்டிகளை 2014இல் கலிபோர்னியா தடைசெய்தது.

ஹிஜ்ரி 808இல் மறைந்த இமாம் தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் ஒவ்வொரு விலங்கின் இயல்போடு அதற்குரிய மார்க்கச் சட்டத்தையும் சேர்த்தே எழுதினார். விலங்கை அறிவதும் அதன்பால் நம் கடமையை அறிவதும் வேறல்ல என்பது அப்பெரியோர் கண்ட நெறி. உணவுக்காக வேட்டையாடவும் தீங்கைத் தடுக்கவும் ஷரீஅத் இடமளிக்கிறது. உயிருள்ளதை இலக்காக நிறுத்தி விளையாடுவதையோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கியுள்ளார்கள்.

வேலியிட்டும் காவல் நாய் வளர்த்தும் மந்தையைக் காப்பவன் தன் உரிமையைக் காக்கிறான். அதற்கும் அடங்காது மந்தையில் பாயும் விலங்கைச் சுடுபவனையும் நாம் குறைகூறோம். எண்ணிக்கைக்காகவும் பரிசுக்காகவும் கொல்பவன் எதைக் காக்கிறான்? படைத்தவன் கேட்கும் நாளில் அதற்கு விடை வேண்டுமல்லவா?